பிடித்தம்

பேரணாம்பட்டில் மூன்றாம் வகுப்பு அறை.
ஏழரை மணிக்கு ட்யூப்லைட்
மூன்று முறை யோசித்துவிட்டு எரியும்.
பெஞ்சு குழந்தைகள் அளவு.
முழங்காலை எங்கே வைப்பதென்று தெரியாமல்
பதினோரு பெண்கள் குறுக்கே உட்கார்ந்திருப்பார்கள்
ஷூ கம்பெனிப் பசையின் வாசனையோடு.

எனக்கு இருபத்து நான்கு வயது.
பி.எட். முடித்து, தகுதித் தேர்வில் இரண்டு முறை தவறி,
தன்னார்வலர் என்று ஓர் அட்டை கழுத்தில்.
டீச்சரு என்று கூப்பிட
இவர்களைத் தவிர உலகத்தில் ஆள் இல்லை.

முதல் நாள் ஆ-வுக்கு ஆடு காட்டினேன்.
புத்தகத்து ஆடு பச்சைப் புல்லில் நின்றது.
"இது எத்தினி அடி வரும்?" என்றாள் எல்லம்மா.
"அஞ்சு. கழுத்துப் பக்கம் உதவாது."
தோலை அளக்கிறவர்கள் சிரித்து முடிக்கும்வரை
ஆவன்னா பலகையில் காத்திருந்தது.

ஹாஜிராபீ சிலேட்டை
வலப்பக்கமிருந்துதான் தொடங்குவாள்.
ஓதப் படித்த கை, அப்படித்தான் திரும்பும்.
விரலைப் பிடித்து இந்தப் பக்கம் நகர்த்தினால்
"மிஷின்ல தையல் ரெண்டு பக்கமும் போவுதே,
உங்க எழுத்துக்கு மட்டும் இன்னா பிடிவாதம்?"

வெள்ளிக் கோடு போட்ட தோலில்
ஊசியைத் தூக்காமல் ஓட்டிப் பழகியவர்கள்.
க-வை ஒரே இழுப்பில் தைத்துவிடுவார்கள்.
புள்ளிதான் வராது.
அவர்கள் கணக்கில் புள்ளி என்பது
ஊசி தவறிய ஓட்டை. பீஸ் ரிஜெக்ட்.
அதைப் போய் வேண்டுமென்றே எப்படி வைப்பது?

பூங்காவனம் ஒரு நாள் எழுதினாள்:
என் பையன் ஓசூர்ல கீறான்.
சிவப்புப் பேனாவை எடுத்தேன்.
இருக்கிறான் என்று வரவேண்டும் என்றேன்.
இரண்டு முறை வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள்.
"இருக்கிறான்னா இன்னும் தூரமா பூட்ட மாதிரி கீது டீச்சரு."
பேனாவை மூடினேன்.
பிறகு திறந்து திருத்தினேன்.
மார்ச்சில் பரீட்சை.

போன வியாழன், பிடித்த சொல் ஒன்று எழுதுங்கள் என்றேன்.
மல்லி, என்று ஒருத்தி.
ஞாயிறு, என்று நாலு பேர்.
ஹாஜிரா என்று ஹாஜிராபீ, இம்முறை இடமிருந்து.
பூங்காவனம் வெகுநேரம் குனிந்திருந்தாள்.

பிடித்தம்.

ஐந்து எழுத்து. இரண்டு புள்ளியும்
இருக்கவேண்டிய இடத்தில்.
எனக்குத் தலைகால் புரியவில்லை.
பிடித்த சொல்லே பிடித்தமா, என்று
எல்லோரையும் கைதட்டக்கூடச் சொன்னேன். தட்டினார்கள்.

அவள் ஜாக்கெட்டுக்குள் இருந்து
எட்டாய் மடித்த சம்பளச் சீட்டைப் பிரித்தாள்.
"இதுல பாத்துதான் எழுதுனேன்.
இத்த வாங்கறதுக்கு ஆறு வருசமா
கைநாட்டு வெச்சிக்கினு கீறேன்.
இன்னா சொல்லுது இது?"

பதில் சொல்ல எனக்கு நேரம் பிடித்தது.
"கழிச்சிக்கிறது" என்றேன்.
"எத்தினி எடத்துல?"
நான் காட்டவில்லை. அவளே விரல் வைத்துத் தேடினாள்.
வைப்புநிதிப் பிடித்தம். சரி.
உணவுப் பிடித்தம்.
"நான் வூட்டு சோறுதானே கொண்டும்போறேன்?"
இதர பிடித்தம், நூற்று நாற்பது.
"இதரன்னா யாரு?"

யாரும் சிரிக்கவில்லை.
பிறகு ஒவ்வொரு ஜாக்கெட்டிலிருந்தும்
சின்னப் பர்சு, சின்னப் பர்சிலிருந்து ஒரு சீட்டு.
பத்துப் பேருக்கு யார் அந்த இதர என்று
எனக்கும் தெரியவில்லை.
பாடப்புத்தகம் பக்கம் பதினெட்டில் திறந்து கிடந்தது.
ஏ, ஏணி.
வெள்ளைச் சுவரில் சாய்ந்து, யாரும் ஏறாத ஏணி.

குடியாத்தம் பஸ் ஹாரன் கேட்டு எல்லோரும் எழுந்தார்கள்.
ஒருத்தி செருப்பைத் தேடினாள்.
பூங்காவனம் சீட்டின் பின்பக்கம்
ஏ போட்டுவிட்டு நிறுத்தினாள்.
"ஏன்னு எழுத
ரெண்டு சுழியா மூணு சுழியா?"
ரெண்டு.
"புள்ளி கீதா?"
உண்டு.

அவள் அழுத்தின அழுத்தில்
தாள் ஓட்டையானது.
அவசரத்தில் கேட்க மறந்துவிட்டேன்,
என் பென்சில்
அவளாண்டதான் கீது.